சாம்பிள் ரூம் பிரவுசரின் ஞாபகமறதி

போன மாதம் ஆம்பூரில் இறங்கிவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. பெங்களூரு போகிற ரயிலில் உட்கார்ந்திருந்தேன், ஜன்னல் வழியாகத் தோல் வாசனை வந்தது, இறங்கிவிட்டேன். என் பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான்... டிக்கெட் ஓர் ஊருக்கு, இறங்குவது வேறு ஊரில்.

வாசனை என்று நான் சொல்கிறேன். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்ட பக்கத்து சீட்டுக்காரர் வேறு சொல் சொல்வார்.

எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போன பிறகு, நான் முதலில் சம்பளம் வாங்கியது அந்த ஊரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில்தான். உப்புத் தோலைத் தூக்கி டிரம்மில் போடும் வேலை. சுண்ணாம்பு பட்டுக் கை உரியும். கொஞ்ச நாளில் உரிவதற்குத் தோல் இருக்காது, அதோடு சரியாகிவிடும். அப்புறம் அரக்கோணத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டல், காட்பாடியில் காலேஜ் பிள்ளைகள் வந்துபோகும் ஒரு பிரவுசிங் சென்டர் என்று ஓடியது. எதிலும் நிலைத்து நிற்கவில்லை. அதனால் எனக்கு எல்லாமும் தெரியும் – பாதி பாதி.

இந்தப் பாதி அறிவை நம்பி ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

அவன் பெயர் சாதிக். டேனரி காலத்து நண்பன். இப்போது ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் ஒரு ஷூ கம்பெனியில் எலக்ட்ரீஷியன். வந்திருக்கிறேன் என்று போன் செய்தால் டீக்குக் கூப்பிடுவான் என்று பார்த்தேன். அவன் வேலைக்குக் கூப்பிட்டான்.

"தோஸ்த், நீ பிரவுசிங் சென்டர்ல இருந்தவன்தானே? எங்க சாம்பிள் ரூம் கம்ப்யூட்டரு ரொம்ப பேஜார் பண்ணுது. வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போ."

நான் பிரவுசிங் சென்டரில் இருந்தது உண்மை. அங்கே என் முக்கியமான வேலை, நேரம் முடிந்தவர்களை எழுப்பிவிடுவது. இதை அவனிடம் சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. கேட்டில் என்னை 'கம்ப்யூட்டர் பார்க்க வந்த ஆள்' என்று எழுதி, கழுத்தில் ஒரு அட்டையும் மாட்டி உள்ளே கூட்டிப்போய்விட்டான்.

சாம்பிள் ரூம் என்பது ஷூ கம்பெனிக்குள் இருக்கும் இன்னொரு சின்னக் கம்பெனி. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு டிசைனைச் சொன்னால் முதல் மாதிரியை இங்கேதான் செய்வார்கள். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தார் எஸ்தர். முப்பத்தைந்து வயது இருக்கும். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தையல் லைனில் சேர்ந்தவர், அன்றிலிருந்து அதே லைன்தான்.

பல வருஷம் குனிந்து தைத்ததில் கழுத்து போய்விட்டது. இனி தையல் மெஷினில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்காராவிட்டால் வேலை இல்லை. ஒரே ஒரு வழி இருந்தது – சாம்பிள் ரூமில் பேட்டர்ன் வரைகிற வேலை. ஷூவின் மேல்பாகத்தை எந்தெந்தத் துண்டாக வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவது. அதில் இடம் காலியாக இருக்கிறது. ஆனால் சர்டிபிகேட் வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரு பயிற்சி மையம் பிரவுசர் வழியாகவே பாடமும் நடத்தி டெஸ்டும் வைக்கிறது. எஸ்தர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஷிப்ட் முடிந்து கடைசி பஸ் கிளம்பும் வரைக்கும் இந்த மெஷினில் பழகிக்கொள்ள சாம்பிள் ரூம் மேடம் அனுமதி கொடுத்திருக்கிறார்.

இதில் பேஜார் எங்கே வந்தது? சொல்கிறேன்.

அந்தப் பிரவுசருக்கு இரண்டு வியாதி. ஒன்று, கோடு வரைந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துக் கறுத்துப் போகும். இரண்டு, பாடத்தைப் படிக்க வேறு டேபுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வரைந்துகொண்டிருந்த டேப் தூங்கிப்போயிருக்கும். தட்டி எழுப்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். வரைந்த கோடு போன இடம் தெரியாது.

இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. பிரவுசரின் செட்டிங்கில் போய் 'ஹார்டுவேர் ஆக்சலரேஷன்' என்பதை அணைத்தால் திரை கறுக்காது. பழைய மெஷினால் தாங்க முடியாத வேகம் அது. 'இந்த சைட்டைத் தூங்கவைக்காதே' என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் டேப் தூங்காது. பயிற்சி மையத்தில் இருக்கும் ஒருவர் போனிலேயே இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததில் எஸ்தருக்கு மனப்பாடம்.

"அப்புறம் இன்னா பிரச்சனை?" என்றேன்.

"போட்டா நல்லா ஓடுது சார். மறுநாள் வந்து பார்த்தா நான் போட்டது எதுவும் இல்ல. புதுசா வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி 'வெல்கம்'னு காட்டுது."

டெஸ்டு அன்றைக்குக் காலையில் போட்டுக்கொள்ளலாமே என்றேன். எஸ்தர் தலையாட்டினார், 'முடியாது' என்கிற மாதிரி. டெஸ்டு ஒருநாள் விஷயம் இல்லையாம். இந்தச் சனிக்கிழமை வரைய வேண்டும், அதே வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமை துண்டு துண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். முதல் நாள் பதிவான பிரவுசர், அதே நிலையில், இரண்டாம் நாளும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் மாறிவிட்டது, ஆள் மாறிவிட்டது என்று கணக்காகிவிடும். தினமும் இப்படி அழிந்துபோவதைக் கேட்டு, 'உங்க மெஷின் சரிப்படாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று அந்த மையத்துக்காரரே சொல்லிவிட்டாராம். கழுத்து அடுத்த முறை வரைக்கும் காத்திருக்குமா? அதை யார் கேட்பது?

நான் வந்தது புதன்கிழமை.

உட்கார்ந்தேன். இரண்டு செட்டிங்கையும் போட்டேன். பிரவுசரை மூடித் திறந்தேன். அப்படியே இருந்தது. 'பார்த்தீர்களா' என்கிற முகத்தோடு திரும்பினேன். எஸ்தர் மரியாதைக்காகச் சிரித்தார்.

மூடித் திறந்தால் இருக்கிறது, ராத்திரி தாண்டினால் இல்லை. அப்படியானால் ராத்திரி இங்கே என்ன நடக்கிறது? நான் சாதிக்கைப் பார்த்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஷூ கம்பெனியில் ஒரு வழக்கம். கடைசி சைரன் ஊதியதும் மின்சார மெயினை இறக்கிவிடுவார்கள். ஒட்டுகிற பசையின் ஆவி நிற்கிற இடம்; பூட்டிய கட்டடத்தில் ஒரு பொறி போதும். கம்ப்யூட்டருக்கென்று தனி தயவு கிடையாது. யாராவது ஒழுங்காக அணைக்க மறந்தால் பட்டென்று நின்றுபோகும். அப்படி நின்றதில் செட்டிங் பதியவில்லையோ என்றேன்.

"அப்ப நான்தான் அழிக்கிறேன்றியா?" என்றான் சாதிக். "சரி, இன்னைக்கு இந்த ரூமுக்கு மட்டும் கரண்டு லைனை வுட்டு வைக்கறேன். நானே காவலுக்கும் இருக்கறேன். காலையில பார்த்துக்கலாம் யார் மேல தப்புன்னு."

சொன்னபடி லைனை விட்டுவைத்தான். வீட்டுக்கே போகவில்லை. நான் அவன் வீட்டில் சுகமாகத் தூங்கினேன். காலையில் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தோஸ்த், வெல்கம்னு வந்துடுச்சி. நான் இல்லப்பா!"

அடுத்து நான் வைரஸ் என்றேன். இல்லை. அப்டேட் என்றேன். இல்லை. பாதி அறிவில் இருந்த சரக்கு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. மெஷின் பழசு, அதற்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அன்று சாயங்காலமும் சாதிக்கோடு போய், இந்த முறை எஸ்தர் கிளம்பும் வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் பாதியில் டீக்குப் போய்விட்டேன் இல்லையா? எனக்கு எல்லாமே பாதிதானே.

எஸ்தர் செட்டிங்கைப் போட்டார். அழகாக வரைந்தார். பஸ்ஸுக்கு நேரமானது. பையை எடுத்தார், நாற்காலியை உள்ளே தள்ளினார், மேஜையில் கிடந்த தோல் துணுக்குகளைக் கூடையில் போட்டார். அதே வேகத்தில், திரையின் ஓரத்தில் துடைப்பம் படம் போட்ட ஒரு ஐகானைத் தட்டினார். கறுப்பாக ஒரு கட்டம் வந்து மறைந்தது.

"இது இன்னாம்மா?" என்றேன்.

"வாஷ் சார்."

"வாஷ்னா?"

"கடைசியா போறவங்க போட்டுட்டுப் போவணும். ஒரு பையரோட ஸ்டைலு இன்னொரு பையர் கண்ணுல படக்கூடாது இல்ல? பிரவுசர்ல இருக்கிறது எல்லாத்தையும் மொத்தமா தொடச்சி எடுத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

சாதிக் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எஸ்தர் யாரையும் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் தள்ளிவைத்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலயே சார்... தினமும்."

வாஷ் என்றால் பையரின் படங்கள், மெயில்கள் மட்டும் போகும் என்று நினைத்திருக்கிறார். தான் போட்ட செட்டிங்கும் அதே மூட்டையில்தான் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் மேடம் போட்டுவிட்டுப் போவார். எஸ்தர் கடைசி ஆளாகப் பழக உட்கார ஆரம்பித்ததும் அந்த வேலை எஸ்தருக்கு வந்தது. கதவைச் சாத்துவது மாதிரி கை பாட்டுக்குச் செய்தது. மனசுக்கு அதில் வேலை இல்லை.

நாம் மட்டும் என்னவாம்? 'நான் எடுக்கிற முடிவு ஒன்றுகூட நிற்கமாட்டேன் என்கிறது' என்று புலம்பாத ஆள் யார்? நேரம் சரியில்லை, வீடு சரியில்லை, ஆபீஸ் சரியில்லை என்று ராத்திரியில் வந்து அழித்துவிட்டுப் போகிற திருடனைத் தேடுகிறோம். காவலுக்குக்கூட ஆள் போடுகிறோம். நம் கையில் இருக்கும் துடைப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை... அது பழக்கமாயிற்றே, பழக்கத்தை யார் சந்தேகப்படுவது?

கண்டுபிடித்த குஷியில் நான் சுலபமான வழியைச் சொன்னேன். டெஸ்டு முடிகிற வரை வாஷ் போடாமல் விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது?

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது முடியாது சார். ஒரு தடவை யாரோ மறந்து வுட்டுட்டாங்க. வந்த பையரு ஸ்கிரீன்ல வேற கம்பெனி ஸ்டைலைப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லல, டீ குடிச்சாரு, போய்ட்டாரு. அந்த ஆர்டரும் போய்ட்சி. எங்க லைன்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் ஒருத்தி டெஸ்டுக்கோசரம் அதைச் செய்ய மாட்டேன்."

என் சுலபமான வழியைச் சுருட்டிவைத்தேன்.

மேடத்திடம் கேட்டுவிடலாம் என்றேன். இருவருமே தயங்கினார்கள். சாம்பிள் ரூம் பொறுப்பில் இருப்பவர் நசீமா மேடம். தோலைத் தொட்டாலே குறை சொல்லிவிடுவார், ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான் என்று பெயர். கேட்கப் போய், 'இந்த மெஷினில் டெஸ்டே வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் உள்ளதும் போச்சே என்பது எஸ்தரின் பயம். சாதிக்குக்கு என்ன பயம் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் பயந்தான்.

வெள்ளிக்கிழமை காலை மூவருமாகப் போய் நின்றோம். மேடம் ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். எஸ்தர் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். தோலைக் கீழே வைக்காமலேயே மேடம் கேட்டார்:

"எனக்குத் தெரியாம வாஷ் போடாம போயிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். ஏன் வந்து கேக்கறே?"

"கேக்காம எப்படி மேடம்?" என்றார் எஸ்தர். அவ்வளவுதான்.

மேடம் தோலைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"கழுவ வேண்டியது பையரோட சாமான். இவ சாமான் அதோட சேர்ந்து ஏன் கழுவப்படணும்? தனியா வைக்க வழி இருக்கா, இல்லையா? நீங்கதானே கம்ப்யூட்டர் பார்க்க வந்த ஆளு?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விடிந்தது. காட்பாடியில் எங்கள் முதலாளி தனக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு தனி லாகின் வைத்திருப்பார். காலேஜ் பிள்ளைகள் அந்தப் பக்கம் என்ன கூத்தடித்தாலும் அவருடைய பக்கத்தில் ஒரு தூசி விழாது. இங்கேயும் அதே மாதிரி ஒரு லாகின் போட்டால், துடைப்பம் பழைய லாகினை மட்டும் கூட்டும். எஸ்தருடைய பிரவுசர் வேறு வீட்டில் இருக்கும்.

புது லாகின் போடுவதற்கான பாஸ்வேர்டு மேடத்திடம் இருந்தது. "திரும்பி நில்லுங்க" என்றார். நானும் சாதிக்கும் சுவரைப் பார்த்து நின்றோம். புது லாகினுக்கு என்ன பெயர் என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'சாம்பிள் டூ' என்று போட்டுவிடுங்கள் என்றார் எஸ்தர், கூச்சத்தோடு. மேடம் 'எஸ்தர்' என்றே அடித்தார்.

அப்புறம் சோதனை. எஸ்தர் தன் லாகினில் இரண்டு செட்டிங்கையும் போட்டுவிட்டு வெளியே வந்தார். பழைய லாகினில் மேடம் தன் கையாலேயே துடைப்பத்தைத் தட்டினார். கம்ப்யூட்டரை அணைத்தோம். 'இதையும் பார்த்துடலாம்' என்று சாதிக் போய் அந்த ரூமின் மெயினை இறக்கினான். ஏற்றினான். பழைய மெஷின் முனகிக்கொண்டு எழுந்தது. பழைய மெஷின்கள் எழுந்திருக்கிற நேரத்தில் மனுஷனுக்கு எத்தனை சாமி ஞாபகம் வருகிறது!

பிரவுசர் திறந்தது. வெல்கம் இல்லை. ஆக்சலரேஷன் அணைந்தபடி இருந்தது. தூங்கவைக்கக் கூடாத பட்டியலில் அந்த சைட் உட்கார்ந்திருந்தது.

"இருக்குது," என்றார் எஸ்தர்.

நாளைக்கும் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். என் பாதி அறிவில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை நான் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். கால் ஒரு இடத்தில் நிற்காது, என்ன செய்ய? ஆனால் மனசு அந்த மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. எஸ்தருக்காக நசீமா மேடமே வந்து ரூமைத் திறந்தாராம், மெயினை ஏற்ற சாதிக் வந்தானாம். மத்தியானம் எஸ்தரே போன் செய்தார்.

"சார், நேத்து வரைஞ்ச கோடு அப்படியே இருந்துச்சி. முடிச்சி அனுப்பிட்டேன்."

"நல்லா பண்ணீங்களா?"

"ரெண்டு இடத்துல தப்பு வுட்டுட்டேன். ஆனா அது என் தப்பு சார். மெஷின் தப்பு இல்ல."

இதைச் சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் எப்படி எழுதுவது? நம் தப்புக்கு மட்டும் நாம் பதில் சொன்னால் போதும் என்கிற நிலைமை இருக்கிறதே... அது பலபேருக்கு வாய்ப்பதில்லை. மெஷினின் தப்புக்கும், லைனின் தப்புக்கும், கழுத்தின் தப்புக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தப்பு இரண்டோடும் எஸ்தர் பாஸ். இப்போது தையல் லைனில் இல்லை, சாம்பிள் ரூமில் நிமிர்ந்தபடி வேலை. கழுத்து முழுசாகச் சரியாகவில்லை. ஆகாது என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் இனி மோசமாகாது என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் துடைப்பம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, கடைசி ஆளாகப் போகும் நாட்களில் எஸ்தர்தான் தட்டிவிட்டுப் போகிறார். கழுவுவது தப்பில்லை. எதைக் கழுவுகிறோம் என்று தெரிந்தால் போதும்.

எஸ்தர் வரைந்த பேட்டர்னில் செய்த முதல் சாம்பிள் போன வாரம் விமானம் ஏறியிருக்கிறது. சாம்பிள் என்றால் ஜோடியாக அனுப்பமாட்டார்கள், ஒரு கால் ஷூ மட்டும்தான்; பிடித்திருந்தால்தான் ஆர்டர்.

இன்னொரு கால் கேட்டுக் கடிதம் எழுதாமல் அந்த பையர் எங்கே போவார்?